குடிநோய்க்கு மருத்துவம்: தங்கிப் பார்ப்பதா, வந்துபோய்ப் பார்ப்பதா?

கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள். நம் கடைவீதியில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர், காலை பத்து மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர், கைகால் இழுத்துக்கொண்டு கீழே சாய்ந்தார். கழுத்தில் முதல் நாள் போட்ட ஐயப்ப மாலை. பல வருடங்களாக இரவு கடையடைத்ததும் குடிப்பவர். கடைசி இரண்டு வருடங்களில் காலையிலேயே தொடங்கிவிட்டவர். "இந்தத் தடவை மாலை போட்டு அடியோடு விட்டுவிடுகிறேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். சொன்னபடி நிறுத்தியும் விட்டார். அப்படித் திடீரென்று நிறுத்தியதனால்தான் வலிப்பு வந்தது என்பது, மருத்துவர் சொல்லும்வரை நம்மில் ஒருவருக்கும் தெரியாது. விரதத்தில் குறை என்றார் ஒருவர். வெறும் வயிற்றுப் பித்தம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்.

ஐந்து நாளில் அன்பர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். அதன் பிறகுதான் வீட்டில் தகராறு. தம்பிக்கு, அண்ணனை ஒரு மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் சேர்த்துவிட வேண்டும். மனைவிக்கு அதில் இஷ்டமில்லை. "அண்ணாச்சி, ஒரு மாசம் கடையைப் பூட்டினா பாக்கிக்காரங்க வாசல்ல வந்து நிப்பாங்க. மாத்திரையைக் கொடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சங்க அலுவலகத்துக்கே வந்து சொன்னார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நமக்கோ பதில் தெரியவில்லை. அதனால் மனநல மருத்துவர்களிடமும், குடியை விட்டு மீண்டு வந்து இன்று நன்றாகத் தொழில் செய்யும் சிலரிடமும் விசாரித்தோம்; வெளிவந்துள்ள ஆய்வுகளையும் பார்த்தோம். அவற்றையே இங்கே தருகிறோம். அவரவர் நோய்க்கு அவரவர் மருத்துவர் சொல்வதே முடிவு. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இக்கட்டுரை உதவினால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குடிநோய்க்கு மருத்துவம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேலைகள். ஒன்று, உடம்பைக் குடியிலிருந்து ஆபத்தில்லாமல் பிரித்தெடுப்பது. இதற்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து நாள் போதும். மற்றது, பிரிந்தவர் மறுபடி அதன் பக்கம் போகாமல் வாழப் பழகுவது. இதற்கு மாதங்கள், ஏன், வருடங்களும் ஆகும். கோடவுனில் வண்டுக்கு மருந்தடிப்பது ஒருநாள் வேலை. கூரை ஒழுகுவதை அடைக்காமல், வரும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் இருந்தால் மூன்றே மாதத்தில் வண்டு திரும்பிவிடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. தங்குவதா, வந்துபோவதா என்ற கேள்வியை இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நம் அன்பரின் தம்பியும் மனைவியும் சண்டை போட்டது இதைப் பிரித்துப் பார்க்காததனால்தான்.

நிறுத்தியதும் உடம்பில் நடப்பது

தினமும் நிறையக் குடிப்பவரின் மூளை, மதுவின் அமுக்கத்துக்கு ஈடுகொடுத்து எப்போதும் முறுக்கேறிய நிலையிலேயே வேலை செய்யப் பழகிவிடுகிறது. அமுக்கியதைத் திடீரென்று எடுத்துவிட்டால் முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். காலையில் கடை திறக்கும்போது பேனா பிடிக்க முடியாமல் கை ஆடுவதும், ஒரு கட்டிங் உள்ளே போனதும் ஆட்டம் நிற்பதும் இதனால்தான். 'சாப்பிட்டால்தான் வேலை ஓடுகிறது' என்று அவர் சொல்வது பொய்யல்ல. நோய் அந்த அளவுக்கு முற்றிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஜன்னி போன்ற நிலை வரும். நாள், இடம் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்வதாகக் காண்பார். இல்லாத ஆளுடன் பேசுவார். காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது. இதைப் பேய் என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்களை நாமே அறிவோம்.

மாலை போடுவதையோ, கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதையோ நாம் குறை சொல்லவில்லை. அந்த வைராக்கியத்தால் விட்டவர்கள் உண்டு. ஆனால் தினசரி குடிப்பவர், முக்கியமாகக் காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். சாமி அதற்குக் கோபித்துக்கொள்ளாது.

இந்த நாட்களைக் கடக்க மருத்துவர்கள் குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்து, தினமும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். ஈரல் கெட்டவர்களுக்கு லோராசிபாம் போன்றவை. கூடவே தயாமின் என்னும் வைட்டமின் பி1. இதைச் சாதாரணச் சத்து மாத்திரை என்று எண்ண வேண்டாம். குடிப்பவர் உடம்பில் இது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு நினைவே தடுமாறிப் போகலாம். ஆகவே, மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது மானம் பார்க்காமல் 'இவர் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது இன்ன நேரம்' என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். குடல் இறக்கத்துக்கோ எலும்பு முறிவுக்கோ சேர்க்கும்போதும் அப்படியே. மறைத்துச் சேர்த்தவர் மூன்றாம் நாள் கட்டிலை விட்டு இறங்கி ஓடிய கதைகள் எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கின்றன.

யார் தங்கியே ஆக வேண்டும்?

முன்பு நிறுத்தியபோது வலிப்போ ஜன்னியோ வந்தவர், ஈரல், இதயம், கணையக் கோளாறு, கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர், தற்கொலை எண்ணம் பேசுபவர், மதுவோடு தூக்க மாத்திரையோ வேறு போதையோ சேர்ந்தவர், வயது முதிர்ந்தவர், வீட்டில் கூட இருந்து பார்க்க ஆளில்லாதவர், அல்லது அதே வீட்டில் இன்னொருவரும் குடிக்கும் நிலையில் இருப்பவர். இவர்களில் எவரானாலும் உடம்பைப் பிரிக்கும் அந்த முதல் வாரத்தை மருத்துவமனையில்தான் கழிக்க வேண்டும். இங்கே செலவையும் கடையையும் பேசிக்கொண்டிருக்க இடமில்லை. நம் அன்பருக்கு ஒருமுறை வலிப்பு வந்துவிட்டது. ஆகவே இனி எப்போது குடித்து எப்போது நிறுத்தினாலும் அவர் இந்த வரிசையில் முதலாமவர்.

மற்றவர்களுக்கு? இதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியாவில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 1989-இல் வெளிவந்தது. லேசான அல்லது நடுத்தர அளவு நடுக்கம் முதலியவை மட்டும் உள்ள 164 ஆண்களை எடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பாதியைப் படுக்கையில் சேர்த்தார்கள்; மறு பாதியைத் தினமும் வந்து பார்த்து மருந்து வாங்கிப் போகச் சொன்னார்கள். தங்கியவர்களில் 100-க்கு 95 பேர் முழுதாக முடித்தார்கள். வந்துபோனவர்களில் 72 பேர்தான் முடித்தார்கள். செலவில் பெரிய வித்தியாசம்: தங்கியவருக்கு 3,000 டாலருக்கு மேல், வந்துபோனவருக்கு 175-இலிருந்து 388 டாலருக்குள். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

வியாபாரியின் கண் அந்த 388-லேயே நிற்கும். 72-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வந்துபோகும் முறையில் நான்கில் ஒருவருக்கு மேல் பாதியில் நழுவிவிடுகிறார். நழுவாமல் பிடித்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால்தான் இது மலிவு.

வீட்டில் இருந்தபடி பிரிக்கும் முறை இப்படி நடக்கிறது. முதல் நான்கைந்து நாட்கள் தினமும் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் நாடி, ரத்த அழுத்தம், நடுக்கம் பார்த்து அன்றைக்கு வேண்டிய மாத்திரையை மட்டும் கொடுப்பார். மாத்திரை நோயாளி கையில் அல்ல, மனைவி அல்லது மூத்த மகன் கையில். மாத்திரையோடு குடியும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். வாயில் வாடை வந்தால் அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. கடைக்கும் போகக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். 'ஓ.பி. தானே, போய்விட்டு வந்து பதினோரு மணிக்குக் கல்லாவில் உட்காரலாம்' என்று நினைக்கிறார்கள். முதல் வாரம் அது ஆகாது. தூக்கக் கலக்கத்தில் எடை போடுவதும் பணம் எண்ணுவதும் ஒருபுறம் இருக்க, கடையிலிருந்து மதுக்கடைக்குப் போகும் வழி அவர் காலுக்கே தெரியும்.

தங்கிப் பார்ப்பதில் கிடைப்பது என்ன?

இரண்டாவது வேலைக்கு, அதாவது மனத்தைப் பழக்குவதற்கு, ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்குவதால் என்ன லாபம்? மீண்டவர்கள் சொன்ன பதில் எளிமையானது. 'கண்ணில் பாட்டில் படாத முப்பது நாள்.' காலையில் எழுவது, குளிப்பது, மூன்று வேளை சாப்பிடுவது, இரவில் மாத்திரையில்லாமல் தூங்குவது என்று மறந்துபோன பழக்கங்கள் திரும்புகின்றன. தன்னைப் போலவே பத்துப் பேர் எதிரில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லும்போது, 'நான் மட்டும் கெட்டவன்' என்ற எண்ணமும், 'நான் அவ்வளவு மோசமில்லை' என்ற எண்ணமும் சேர்ந்தே கரைகின்றன. நல்ல மையங்களில் குடும்பத்தாருக்கும் தனி வகுப்பு உண்டு. சென்னை இந்திரா நகரில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, டி.டி.கே. மருத்துவமனை என்று பலரும் அறிந்தது, 1980-இல் தொடங்கப்பட்டது. கணவரைக் குடிநோயால் இழந்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. குடும்பத்தையும் சேர்த்தே நோயாளியாகக் கருதி மருத்துவம் பார்க்கும் முறையைத் தமிழ்நாட்டில் பரப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலத் துறைகளில் இரு வகைச் சிகிச்சையும் உண்டு.

தங்குவதன் குறையையும் சொல்ல வேண்டும். மையத்துக்குள் குடிக்காமலிருப்பது பெரிய சாதனையல்ல, அங்கே கிடைக்காது. பரீட்சை வெளியே வந்த பிறகுதான். வசூலுக்கு வெளியூர் போய் லாட்ஜில் தனியாகத் தங்கும் இரவு, தரகர் வாங்கிக் கொடுக்கும் விருந்து, தீபாவளிச் சரக்கு எடுக்கப் போகும் பயணம், மாலை ஏழு மணிக்குக் கல்லாக் கணக்கு ஒத்துவராத எரிச்சல். இவற்றில் எதையும் மையத்துக்குள் வைத்துப் பழக்க முடியாது. வந்துபோகும் முறையில் இருப்பவர் இவற்றைச் சந்தித்துவிட்டு, அடுத்த வாரமே போய் 'இப்படி ஆயிற்று, என்ன செய்வது' என்று ஆலோசகரிடம் கேட்க முடிகிறது. தங்கி மீண்டவரும் வெளியே வந்தபின் குறைந்தது ஒரு வருடம் இப்படி வந்துபோனால்தான் தங்கிய பணம் வீணாகாது. 'ஒரு மாதம் போட்டோம், வந்த பத்தாம் நாளே குடித்துவிட்டான்' என்று அலுத்துக்கொள்பவர்களை விசாரித்தால், அந்தப் பத்து நாளில் ஒருமுறைகூட மருத்துவரைப் பார்க்கவில்லை என்பது தெரியவரும்.

மையம் என்று பலகை மாட்டிய இடமெல்லாம் மையமல்ல. நமக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று, போனில் பேசிய வார்த்தையை நம்பி ஓர் இடத்தில் பையனைச் சேர்த்தது. இரவில் நாலு பேர் வேனில் வந்து தூக்கிப் போனார்கள். மொட்டையடித்து, ஒரே அறையில் பூட்டி வைத்து, பதினைந்து நாள் வீட்டாரைப் பார்க்கவே விடவில்லை. மருத்துவர் ஒருவரையும் அங்கே அவன் கண்டதில்லை. திரும்பி வந்தவன் அப்பாவிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை, குடியும் நிற்கவில்லை.

2017-ஆம் வருடத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளும் அடங்கும். அந்தச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது, கட்டாயமாக மொட்டையடிப்பது இரண்டும் கூடாது. தானாக வந்து சேர்ந்தவர் தானாகப் போகக் கேட்டால் விட வேண்டும். மருத்துவர் தடுத்து வைப்பதானாலும், நிலையைப் பார்ப்பதற்காக 24 மணி நேரம் வரைதான். தானாக முடிவெடுக்க இயலாத அளவுக்கு நிலை கெட்டவரை அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கலாம்; அதற்கும் மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியே பார்த்துச் சான்று சொல்ல வேண்டும்; முதல் முறை 30 நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஆகவே சேர்ப்பதற்கு முன் நேரில் போங்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் நர்ஸ் உண்டா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு எடுத்துப் போவார்கள், வீட்டார் எப்போது பார்க்கலாம், வெளியே வந்தபின் தொடர் சிகிச்சை உண்டா என்று கேளுங்கள். ஒரு மூட்டை மிளகாய் வாங்கக் கையை விட்டுக் கிளறிப் பார்க்கும் நாம், வீட்டுப் பிள்ளையைச் சேர்க்குமிடத்தை விளம்பரம் பார்த்து முடிவு செய்வது சரியா?

செலவுக் கணக்கு

கட்டணம் ஊருக்கு ஊர், மையத்துக்கு மையம் மாறுவதால் நாம் தொகை குறிப்பிடவில்லை. ஆனால் கணக்குப் போடும் முறையைப் பற்றி 1991-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு நமக்கு ஏற்றது. ஒரு தொழிற்சாலையில் குடியால் வேலை கெட்ட 227 தொழிலாளர்களை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவைக் கட்டாயமாக மருத்துவமனையில் தங்க வைத்தார்கள். இரண்டாம் பிரிவை, குடியை விட்டவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டங்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். மூன்றாம் பிரிவைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வேலையைப் பொறுத்தவரை மூன்று பிரிவுகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. குடியைப் பொறுத்தவரை தங்கியவர்களே நன்றாக இருந்தார்கள். கூட்டத்துக்கு மட்டும் போனவர்களில் 100-க்கு 63 பேரைப் பின்னால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. தங்கியவர்களில் மறுபடி சேர்க்க வேண்டி வந்தது 23 பேர்தான். முடிவில் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால், மற்ற இரு பிரிவுகளிலும் மிச்சமானது பத்துச் சதவீதம் மட்டுமே.

இதையும் பிலடெல்பியா ஆய்வையும் பக்கத்தில் வைத்தால் முரண் போலத் தோன்றும். முரண் இல்லை. அங்கே வீட்டிலிருந்தவர்கள் தினமும் மருத்துவரைப் பார்த்தார்கள், மருந்து எடுத்தார்கள். இங்கே இரண்டாம் பிரிவுக்கு மருத்துவமே இல்லை. வந்துபோகும் மருத்துவம் என்பது வேறு, மருத்துவம் இல்லாமல் விடுவது என்பது வேறு. ஏ.ஏ. கூட்டங்கள் இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை, மருத்துவத்தோடு சேர்த்துப் போனால் மிகவும் நல்லது. மருத்துவத்துக்குப் பதிலாக மட்டும் அதை வைத்துவிடக் கூடாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பிச் சேர்க்க வேண்டாம். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நிலையான விலக்குகளின் பட்டியலில் குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் இடம்பெற்றது. உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஏஜெண்டைக் கேட்டு, எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கப் போவதானால் கடைக்கு ஏற்பாடு முன்கூட்டியே செய்தாக வேண்டும். பழைய நாளில் சாவியும் செக் புத்தகமும் கொடுத்தால் போதும். இன்று எல்லாம் செல்போனில் கிடக்கிறது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும். கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையின் பணம் அவர் கணக்குக்குப் போகும். மையத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சேரும் முன்பே கணக்கு பார்ப்பவரை அழைத்து இவற்றை மாற்றி, வங்கியில் கையெழுத்து அதிகாரம் மனைவிக்கோ தம்பிக்கோ எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கிக்கு, தேதி குறித்து நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. 'விஷயம் வெளியே தெரிந்தால் மார்க்கெட்டில் நாணயம் போய்விடும்' என்று பயப்படுகிறார்கள். கைநடுக்கத்தோடு செக்கில் கையெழுத்துப் போடும் ஆளைப் பற்றி மார்க்கெட்டுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை எப்படிச் சொல்வது?

தெரியாமல் கலக்கும் மருந்து

'குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, நம் வீட்டுப் பெண்கள் பணம் கட்டி வரவழைக்கிறார்கள். இவற்றில் சிலவற்றில் இருப்பது டைசல்ஃபிராம். நல்ல மருந்துதான். ரப்பர் ஆலைகளில் இதே வகைச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்களுக்குக் குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போனதை 1930-களிலேயே ஒரு டாக்டர் கவனித்து எழுதினார். 1948-இல் டென்மார்க்கில் இதைக் குடிநோய்க்கு மருந்தாக்கினார்கள். இதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். அந்தப் பயத்தினால் குடிக்காமலிருப்பதுதான் மருந்தின் வேலை. தெரியாதவனுக்கு ஏது பயம்? அவன் வழக்கம் போலக் குடிப்பான். இதயம் பலவீனமானவன் என்றால் அன்றே கதை முடிந்துவிடலாம்.

முழுச் சம்மதத்தோடு, பரிசோதனைகள் பார்த்து, குடித்து 12 மணி நேரமாவது கழிந்தபின் தொடங்கி, தினமும் காலை கடைக்குக் கிளம்புமுன் மனைவி கையால் வாங்கி விழுங்கினால் வந்துபோகும் சிகிச்சையில் இது பெரிய துணை. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும். நாட்டு மருந்துக் கடை அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: அரிஷ்டம், ஆசவம் எல்லாவற்றிலும் புளித்து உண்டான சாராயச் சத்து உண்டு. இம்மாத்திரை சாப்பிடுபவருக்கு அவை ஆகாது; சில இருமல் டானிக்குகளும் அப்படியே. ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற வேறு மருந்துகளும் உண்டு. முன்னதற்கு ஈரலையும் பின்னதற்குச் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் மருத்துவர் எழுதுவார்.

இதுவரை சொன்னதெல்லாம் முற்றியவர்களுக்கு. நம்மில் பெரும்பாலோர் அந்த நிலையில் இல்லை. வாரம் மூன்று நாள், நாலு நாள் என்று இருப்பவர்கள். இவர்களுக்குப் படுக்கையே தேவையில்லை. லண்டனில் 1977-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மணமான 100 குடிநோயாளிகளில் ஒரு பாதிக்கு முழு மருத்துவமும், மறு பாதிக்கு மனைவியையும் உட்கார வைத்து ஒரே ஒருநாள் ஆலோசனையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. நம் நாட்டிலேயே கோவாவில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 377 ஆண்களிடம் நடத்திய சோதனை 2017-இல் வெளிவந்தது. டாக்டர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அதிகம் போனால் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில், பேசப்பட்டவர்களில் 100-க்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து இறங்கியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 பேர். பெரிய அதிசயமில்லை, ஆனால் நாலு சிட்டிங் பேச்சுக்கு அது நல்ல லாபம்.

எந்த நிலையில் இருக்கிறோம் என்று அறிய, உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வித் தாள் ஒன்று உண்டு. மொத்த மதிப்பெண் 40. எட்டுக்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் மனநல மருத்துவரையே பார்த்துவிட வேண்டும். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். தங்குவதா வந்துபோவதா என்று வாதாடும் நிலைக்கே மற்றவர்கள் வந்து சேரவில்லை.

கடையில் வேலை பார்க்கும் பையன்களையும் இதோடு நினைக்க வேண்டும். குடித்துவிட்டு வந்தால் அன்று வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், சம்மதம். ஆனால் 'ஓ.பி.க்குப் போக வாரம் ஒரு காலைப் பொழுது வேண்டும்' என்று கேட்கும் பையனுக்குச் சம்பளம் பிடிக்காமல் அந்த நேரத்தைக் கொடுங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. காலையில்தான் நடக்கிறது, நம் கடைகளில் கூட்டமும் காலையில்தான். இந்த ஒரு மோதலாலேயே சிகிச்சையை விட்டவர்கள் உண்டு.

நம் அன்பர் விஷயத்துக்கு வருவோம். மருத்துவர் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு நடுவழி ஒன்றைச் சொன்னார். உடம்பைப் பிரிக்கும் வேலை மருத்துவமனையில் முடிந்துவிட்டது; ஈரல் சோதனையில் குறை இருந்ததால் இன்னும் பத்து நாள் அங்கேயே வைத்துக்கொண்டார். பிறகு வாரம் ஒருமுறை மனைவியோடு வந்துபோகச் சொன்னார். அந்தப் பத்து நாளும் தம்பி தன் கடையை மகனிடம் விட்டுவிட்டு அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தார். ஏழு மாதம் ஒழுங்காகப் போயிற்று. எட்டாம் மாதம் பருப்பு எடுக்க வெளியூர் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். முன்பென்றால் அது மூன்று மாதம் ஓடியிருக்கும். இம்முறை மூன்றாம் நாளே அவராகப் போன் செய்து, வலிப்பு வந்தவர் என்பதால் தானாக நிறுத்திப் பார்க்காமல், நேராகப் போய்ப் படுக்கையில் சேர்ந்துகொண்டார். ஆறாம் நாள் வீடு. இப்போது வெளியூர்க் கொள்முதலுக்குத் தம்பி போகிறார். அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்கிறார்.

அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டும் இலவசம். பத்துக் கேள்வித் தாளும், நம் மாவட்டத்தில் பதிவு பெற்ற மையங்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு ஓ.பி. நாட்கள் அடங்கிய பட்டியலும் சங்க அலுவலகத்தில் நாட்காட்டிகள் வைத்திருக்கும் மேசையின் மேலேயே வைத்திருக்கிறோம். எடுத்துக்கொள்பவர் யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்தும் போட வேண்டியதில்லை.